யார் வீட்டுச் சோறு

1

தினமும் சாயங்காலம் நான் நல்ல சோற்றில் விஷம் ஊற்றுகிறேன். அதற்குத்தான் இந்த நாட்டில் எனக்குச் சம்பளம்.

விஷம் என்றால் ஜாவெல் தண்ணீர். துணி வெளுக்கவும் கக்கூஸ் கழுவவும் வைத்திருப்பார்களே, அதே சரக்கு. பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் வந்து பிறகு பஸ் பிடித்து வரவேண்டிய ஒரு புறநகரில், பெரிய கடை ஒன்றின் பின்கட்டில் வேலை பார்க்கிறேன். தேதி முடிகிற தயிர், கோழி, ரொட்டி, வெட்டி வைத்த பழம் எல்லாம் சாயங்காலமானால் என்னிடம் வந்துவிடும். பெரிய பச்சைத் தொட்டியில் கொட்டி, மேலே ஜாவெலை ஊற்றிப் பூட்ட வேண்டும். எதற்கு ஊற்றுவது என்று வந்த புதிதில் கேட்டேன். பொறுக்கித் தின்றவனுக்கு வயிறு கெட்டால் கடை மேல் வழக்குப் போடுவான் என்றார் சூப்பர்வைசர். பசித்தவன் வழக்குப் போடுவானாம்! வக்கீலைப் பார்க்கப் போகிற தெம்பு இருந்தால் அவன் ஏன் குப்பைத் தொட்டிக்கு வருகிறான்?

என் மகள் கரோலினுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு நாள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டு என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். நான் ஊற்றுவதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "பப்பா, நீ இதைச் செய்யாதே" என்று பிரெஞ்சில் சொல்லி அழுதாள். நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான், வீட்டு வாடகையை யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் அவள் பிற்பாடு வணிகப் பள்ளியில் சேர்ந்தாள் என்று நினைக்கிறேன். தேடிய பதில், புதுச்சேரியில் மெஸ் வைத்திருந்த என் தங்கை பிலோமியின் பெயரைக் கெடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கரோ ஒரு சேதியோடு சாப்பிட வந்தாள். யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் மகளின் பெருமையைப் பேசுகிறேன் என்று நினைப்பார்கள். அங்கே இருந்து படிக்கிற உங்களுக்காவது புரியட்டும்.

2

பிலோமிக்குச் சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான். எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்த வழியில் எனக்குக் குடியுரிமை கிடைத்து நான் இங்கே பறந்து வந்துவிட்டேன். அவள் கட்டிக்கொண்டவன் நம்மூர்க் காகிதக்காரன், இந்தியக் குடியுரிமை; அவளுக்கும் அதுவே ஆயிற்று. ஆகவே கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரக வாசலில் எத்தனை முறை வரிசையில் நின்றாலும் அவளுக்கு வழி திறக்கவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருத்தன் பிரெஞ்சுக்காரன், ஒருத்தி இந்தியாக்காரி. இதைச் சொன்னால் இங்குள்ள வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கம்பெனிகளுக்குப் பின்னால் போகிற தெருவில் தகரம் போட்ட ஒரு கட்டடத்தில் அவள் மெஸ் வைத்தாள். சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட் கூலிகள். சுற்றுக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் இருக்கும், அது சோறு போடாது என்று ஷிப்டுக்கு வருகிறவர்கள். வீட்டுக்குக் காசு மிச்சம் பிடிப்பதற்காக ஒரு வேளையை டீயும் பன்னுமாக ஓட்டுகிறவர்கள் அதில் நிறைய. பசி என்றால் எலும்பும் தோலுமாகப் படத்தில் காட்டுவார்களே, அதெல்லாம் இல்லை. சட்டை போட்டு, தலை வாரி, செல்போன் வைத்திருக்கிற பசி.

பிலோமி அவர்கள் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதற்கும் மேலே ஒன்று செய்தாள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. காப்பு இறங்குகிறவரை கவுச்சி ஆகாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, அந்த வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடுதான். ஷிப்டுக்கு வருகிறவன் என்ன செய்வான்? பிலோமி அந்த நாட்கள் முழுக்க மெஸ்ஸுக்குள் மீன் வாடை வராமல் பார்த்துக்கொள்வாள். புதுச் சட்டி, புதுக் கரண்டி. குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைப்பாள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கிற வேதக்காரி கடையில், காப்புக் கட்டினவன் தைரியமாக உட்கார்ந்து சாப்பிட்டான். அந்தப் பேட்டையில் இப்படிப் பேர் வாங்கின கடை வேறு கிடையாது. அவளுக்கு நகை நட்டு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பேர்தான் இருந்தது.

3

கரோவின் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் ஒரு தொழில் திட்டம் போட வேண்டும். லாபத்துக்கு மட்டுமில்லாமல் சமூகத்துக்கும் உதவுகிற திட்டமாக இருந்தால் விசேஷம். கரோவின் திட்டம் இது: புதுச்சேரிக் கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் வண்டியில் கொண்டுவந்து, அத்தையின் மெஸ்ஸில் சின்ன விலைக்கு விற்பது. வண்டிச் செலவும் ஆள் கூலியும் அதிலேயே வந்துவிடும். இனாமாகக் கொடுத்தால் அது பிச்சை, விலை வைத்தால் வாங்குகிறவனுக்கு மரியாதை என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி லூர்து, "பாத்தீங்களா, புள்ள ஊர மறக்கல" என்றாள். ஊருக்குப் போனாலே மூன்றாம் நாள் திரும்பலாமா என்று கேட்கிற பிள்ளை இது. இருவரும் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தோம்.

முதலில் காகிதம். திட்டத்தை நடத்திப் பார்க்கப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் பொறுப்பாளர் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் வேண்டும் என்றது பள்ளிக்கூடம். தகரக் கொட்டகைக்கு ஏது முத்திரை? பிலோமி டவுனுக்குப் போய் ரப்பர் ஸ்டாம்பு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். முத்திரை வட்டமாக இருக்கக்கூடாது, பதிவு எண் எங்கே, நிறுவனத்தின் சட்ட வடிவம் என்ன என்று திருப்பி அனுப்பினார்கள். போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டி நான் பேசினேன். "சட்ட வடிவம்னா என்னாண்ணே?" என்றாள் பிலோமி. "நீதான்" என்றேன். "அப்ப என்னையே அனுப்பவா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகிறது.

4

கரோ போய் இறங்கியது நல்ல முகூர்த்தக் காலம். வைகாசி பிறந்து ஊரெல்லாம் கல்யாணம்.

கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நம்முடைய ஆட்களுக்கு மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டுவது கௌரவக் குறைச்சல் இல்லை, இன்னொருத்தன் தின்றால்தான் கௌரவக் குறைச்சல். ஒரு மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர், "எங்க வீட்டுக் கல்யாணச் சோத்த மெஸ்ஸுல விக்கப்போறீங்களா? சம்பந்திக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாரு" என்றாராம். இன்னொரு இடத்தில் சாம்பாரைக் குழியில் ஊற்றிய பிறகு, "இப்ப எடுத்துக்குங்க" என்றார்களாம். கரோவின் தமிழும் லேசுப்பட்டதில்லை. ஒரு மண்டபத்து மேனேஜரிடம் போய், "உங்க எச்சி சோறு வேணும்" என்று கேட்டிருக்கிறாள். அவர் பதறிப்போய், பைத்தியமோ என்று பத்து ரூபாயை நீட்டியிருக்கிறார். இதை அவளே போனில் சொல்லிச் சிரித்தாள்.

பிலோமி கூடப் போக ஆரம்பித்த பிறகுதான் அண்டா வண்டி ஏறியது. அவள் கேட்கிற முறை வேறு. மண்டபத்துக்குள் போனதும் முதலில் மணமக்களின் பேரை விசாரிப்பாள். பிறகு பெரியவர்களிடம், "உங்க வீட்டு விசேஷத்துக்கு எங்க புள்ளைங்களும் சாப்புட்டு வாழ்த்தட்டுங்களே" என்பாள். கேட்டவர்கள் முகம் மாறிவிடும்.

வெறும் பேச்சாகவும் விட்டுவிடவில்லை. மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, அன்றன்றைக்கு யார் வீட்டுச் சோறு என்று எழுதிவைத்தாள். இன்ன ஊர், இன்னார் மகன், இன்னார் மகள் கல்யாணம். ஷிப்டு முடிந்து வருகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் கை கழுவுவான். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இலையில் கை வைப்பான். ஏழுமலை என்று ஒருவன், ஊசுட்டேரிப் பக்கத்துக் கிராமம், பெயிண்ட் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவன். அவன் மட்டும் தினமும் பலகையைச் சத்தமாகப் படித்து, "மொய் எழுதணுமாக்கா?" என்று கேட்பானாம். கடையே சிரிக்கும். முழு வயிறாகச் சாப்பிட்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கரோ ஒரு வெப்பமானி வைத்திருந்தாள். வருகிற ஒவ்வொரு அண்டாவிலும் குத்திப் பார்ப்பாள். அறுபத்து மூன்று டிகிரிக்குக் கீழே இருந்தால் இறக்கவிட மாட்டாள். பிரெஞ்சுச் சட்டம் அப்படி. ஆனால் கரும்பலகை அவளுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு பப்பா இது? நேரம் வேஸ்ட். சோறு சோறுதானே" என்றாள். எனக்கும் அன்றைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் அனுப்பிய அறிக்கையை எனக்கும் அனுப்பியிருந்தாள். படத்தில் ஏழுமலை இலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே ஒரு வார்த்தை போட்டிருந்தாள். தமிழில் பயனாளி என்று சொல்வார்கள்.

5

ஆடி பிறந்தது.

கரோவின் திட்டத்தில் ஆடி என்றொரு மாதம் கிடையாது. ஜூலை இருந்தது, ஆகஸ்ட் இருந்தது. அந்த மாதங்களில் எத்தனை அண்டா வரும் என்று கோடு போட்ட படம்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாத்தியார்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டியிருந்தார்கள். ஒருத்தருக்கும் ஆடியில் கல்யாணம் நடக்காது என்று சொல்லத் தெரியவில்லை. எப்படித் தெரியும்! மண்டபங்களைப் பூட்டிவிட்டார்கள். வண்டி சும்மா நின்றது.

பிலோமி பதறவில்லை. "ஆவணி வரட்டும் கண்ணு. அதுவரைக்கும் நான் வடிக்கிற சோறு போதும். இந்த மாசம் தெருவுக்குத் தெரு கூழு ஊத்துவாங்க, எவனும் பட்டினி கெடக்க மாட்டான்" என்றாள். ஆனால் ஆவணி வருவதற்குள் கரோவின் பயிற்சி முடிந்துவிடும். வாராவாரம் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் எண் இறங்கக்கூடாது.

அந்தச் சமயத்தில்தான் நானும் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். தவளக்குப்பத்தில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நானும் பிலோமியும் காலையிலேயே போய்விட்டோம். கரோ வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள். சாயங்காலச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்க உதவிக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள் பிலோமி.

வண்டிக்காரன் கரோவுக்குப் போன் செய்திருக்கிறான். ஊசுட்டேரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் கருமாதி, சோறு அண்டா அண்டாவாக மிச்சம் என்று. இவள் கிளம்பிவிட்டாள். தெரியாமல் போகவில்லை. மாலை போட்ட படத்தைப் பார்த்திருக்கிறாள், மொட்டையடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள், கைகூப்பித் துக்கமும் சொல்லியிருக்கிறாள். இங்கே அடக்கம் முடிந்ததும் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஒயினும் கேக்கும் சாப்பிடுகிறார்களே, அதில் என்ன தீட்டு? ஏழைகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஏதோ அனாதை விடுதி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தானே, செத்தவருக்குப் புண்ணியம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அண்டாவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள். அறுபத்து மூன்றுக்கு மேலேயே இருந்ததாம்.

உதவிக்கார அம்மாள் கோயில் சோறு என்று நினைத்துக்கொண்டாள். ஆடி மாதத்தில் அண்டா வந்தால் வேறென்ன நினைப்பாள்? கரும்பலகையில் கரோ தன் கோணல் எழுத்தில் 'இன்றைய சாப்பாடு' என்று எழுதிவிட்டுப் பரிமாற ஆரம்பித்தாள்.

நாங்கள் பஸ் இறங்கி மெஸ்ஸுக்குள் நுழையும்போது பந்தி பாதியில் இருந்தது. முன் பெஞ்சில் மஞ்சள் காப்போடு நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்டுக்கு வந்து, அப்போதுதான் கை கழுவிவிட்டு உட்கார்ந்த ஏழுமலை, இலையில் விழுந்ததைப் பார்த்தான். சோற்றைத் தொடவில்லை. எழுந்து அண்டாவுக்குப் பக்கத்தில் போனான். விளிம்பில் வெட்டியிருந்த பேரை விரலால் தடவினான்.

"ஏம்மா, இந்த அண்டாவ மத்தியானம் நான்தானே தூக்கி உங்க வண்டியில வச்சேன்?"

அவன் அதைச் சொன்னதில் கரோவுக்கு ஒரே சந்தோஷம். "ஆமா! நீங்கதான்! ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

"ஏழைங்களுக்குன்னு சொன்னியே."

"ஆமா."

"எந்த ஏழைக்கும்மா?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. சிரித்த முகத்தோடு கையை விரித்து, பெஞ்சுகளைக் காட்டினாள்.

"அந்த ஏழ நானாம்மா?" என்றான். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பிறகுதான் பெஞ்சுப் பக்கம் திரும்பிக் கத்தினான். "டேய், காப்புக் கட்டுனவன்லாம் கையெடுங்கடா! இது எங்க மாமன் கருமாதிச் சோறுடா!"

பெஞ்சு சரிந்தது. ஒருவன் ஓடிப்போய்க் குழாயடியில் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே அழுதான். அவனுடைய பெண் குழந்தைக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு, அதற்காகத் தீ மிதிக்க வேண்டிக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பிலோமி அவன் முதுகைத் தடவப் போனாள். தொடாதே என்று கையைத் தட்டிவிட்டான். அந்த மெஸ்ஸில் அவளை அப்படி யாரும் தட்டிவிட்டதில்லை.

"ஏழுமல, சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

"தெரியாதுதான்க்கா. உன்ன நான் தப்பு சொல்லல. ஆனா உனக்குத் தெரியாம உன் கடையில சோறு எறங்குதுன்னா, நாங்க அப்புறம் எத நம்பி வந்து ஒக்கார்றது?"

எல்லாரும் போய்விட்டார்கள். இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

6

அன்றைக்கு நான் கரோவைக் கத்திய கத்தில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். அவள் அழுதாள். அழுது முடித்ததும் வாதாடினாள். "சோறு சுத்தமா இருந்துச்சு பப்பா. நான் செக் பண்ணேன். ஒருத்தருக்கும் உடம்பு கெடல. நீ மட்டும் தினமும் ஜாவெல் ஊத்தலாமா?" அவளுக்குப் பிரெஞ்சில் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தீட்டு என்பதற்கு என்ன வார்த்தை போடுவது? அழுக்கு என்றால், அழுக்கு இல்லை என்கிறாள். மூடநம்பிக்கை என்று அவளே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். அதுவுமில்லை. தெரிந்தே ஏற்றுக்கொண்ட விரதம், அவன் மனசு, அவன் பிள்ளை உயிர். எனக்கே தமிழும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. மேஜையில் ஓங்கிக் குத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

பிலோமி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் கோயில் தர்மகர்த்தாவைப் போய்ப் பார்த்தாள். சாப்பிட்டவர்களின் காப்பை இறக்கிவிடச் சொல்லிவிட்டார்கள், இந்த வருஷம் தீ இறங்கக்கூடாது என்று. அந்தப் பெண் குழந்தைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

பழைய சட்டியையெல்லாம் உடைத்துப்போட்டுப் புதுசு வாங்கினாள் பிலோமி. கரும்பலகையில் 'இது பிலோமி வடித்த சோறு' என்று எழுதினாள். பார்க்கிறபோது எல்லாரும் நின்று பேசினார்கள். "ஒம்மேல கோவம் ஒண்ணும் இல்லக்கா" என்றார்கள். சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாதானம் செய்திருப்பாள். கோபமில்லாதவனை என்ன செய்வது? பேட்டைக்குப் புதுசாக வருகிறவனுக்கு வழி சொல்லும்போது அது 'கருமாதி மெஸ்' ஆகிப்போனது. அடுத்த தைக்குள் பூட்டிவிட்டாள். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். ஏழுமலை அதே கம்பெனிக்கு மாறியிருக்கிறானாம். எதிரில் பார்த்தால், "நல்லா இருக்கியாக்கா" என்று கேட்பானாம். ஆனால் கேன்டீனில் சாப்பிடுவதில்லை, வீட்டிலிருந்து தூக்குக் கொண்டுவருகிறான்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? கரோ பள்ளிக்கூடத்தில் தன் திட்டத்தை விளக்குகிற நாளில் நானும் லூர்தும் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். நடந்ததை அவள் மறைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சொன்னாள். 'பண்பாட்டுத் தடைகள்' என்று தலைப்புப் போட்டுச் சொன்னாள். திரையில் ஏழுமலை சிரித்தான். ஆடி மாதத்துக்குத் தனியாக ஒரு நிறத்தில் கோடு வந்திருந்தது. முதல் முயற்சி நடந்த இடம் பரிசோதனைக்குப் பிறகு மூடப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. வாத்தியார்கள் மெச்சினார்கள். தோல்வியிலிருந்து இவ்வளவு கற்றுக்கொண்ட மாணவி வேறில்லையாம். எல்லாரையும்விட அதிக மதிப்பெண். எழுந்து நின்று கைதட்டினார்கள். லூர்தும் தட்டினாள். என் கையும் தட்டியது, பெற்ற கை.

7

அந்தத் திட்டத்துக்கு இப்போது உயிர் வந்திருக்கிறது. அதுதான் கரோ கொண்டுவந்த சேதி. பெரிய நிறுவனம் ஒன்று தர்மக் கணக்கில் முதல் போடுகிறதாம். தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு சமையல்கூடம், குளிர்சாதன வண்டி, துறைமுகத்தில் மீன் இறக்குகிறவர்களுக்கும் பேட்டைக் கூலிகளுக்கும் மலிவுச் சாப்பாடு. ஆடிக்கும் மார்கழிக்கும் ஹோட்டல்களோடு ஒப்பந்தம். கருமாதி வீடு கிடையாது என்று எழுத்திலேயே போட்டுவிட்டார்களாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்தத் தடவை பலிக்கும் என்றே எனக்கும் தோன்றியது. பலிக்கட்டும். பசிக்கிறவனுக்குச் சோறு கிடைத்தால் நான் ஏன் குறுக்கே நிற்கிறேன்?

"பேர் என்ன தெரியுமா பப்பா?" என்றாள். கண்ணெல்லாம் மின்னியது. "ஷே பிலோமி!"

பிலோமி வீட்டில் என்று அர்த்தம். இங்கே பாதி ஓட்டல்களுக்கு இப்படித்தான் பேர். அத்தைக்குத் தான் செய்கிற மரியாதை என்றாள். உள்ளபடியே அவளுக்கு அத்தை மேல் பாசம். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

"தாந்த்திடம் சொல்லணும், இப்பவே" என்று அத்தைக்குப் போனைப் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு இருந்த கொஞ்சத் தமிழும் போய்விட்டது. அதனால் நான்தான் நடுவில். சேதியைச் சொன்னேன். பேரையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"புள்ளைக்கு நல்ல மனசுண்ணே" என்றாள் பிலோமி. "வரட்டும். நம்ம வீட்லயே தங்கட்டும். ஆனா என் பேரு வேணாம்னு சொல்லு. அது கெட்டுப்போன பேரு. அத வச்சு நல்ல காரியத்த ஆரம்பிக்கக் கூடாது. எவனாவது ஒருத்தன் வாசல்ல நின்னு, இது அந்தக் கருமாதி மெஸ்ஸுதானடான்னு கேட்டுட்டா, புள்ள தனியா நின்னு என்னா பதில் சொல்லும்? திரும்ப அழுவும். வேற எதுனா நல்ல பேரா வக்கச் சொல்லுண்ணே. மாதா பேர வக்கச் சொல்லு."

நான் கரோவிடம் திரும்பி, அத்தைக்குத் தன் பேரை வைப்பதில் விருப்பமில்லை, வைக்க வேண்டாம் என்கிறாள் என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னேன்.

கரோ முகம் சுண்டியது. ஆனால் ஒரு நிமிஷம்தான். "கூச்சப்படுறாங்க" என்றாள் பிரெஞ்சிலேயே. பிறகு, "இனிமே மாத்த முடியாது பப்பா. எல்லாம் அச்சடிச்சாச்சு. வண்டியிலயும் எழுதியாச்சு. பணம் போடுறவங்களுக்கு அந்தப் பேரும் தாந்த் கதையும்தான் ரொம்பப் பிடிச்சுது" என்றாள். சொல்லிவிட்டுச் சாலட் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு முன்கோபம் என்பது இந்தக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். கடையில் சூப்பர்வைசரையே சட்டையைப் பிடித்திருக்கிறேன். கை மேஜை மேல் இருந்தது, அது எழவில்லை. லூர்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே சொல்லுது புள்ள?" என்றாள் பிலோமி போனில்.

"நீ நல்லா இருக்கியான்னு கேக்குதும்மா" என்றேன்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுண்ணே."